குதிரைக்காரன் மௌனம்

மாட்டுச் சந்தையில் தரகர் என்று ஒருவர் உண்டு. துண்டைக் கையின்மேல் போர்த்து, அதற்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. வாங்க வந்தவர் மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். சுழி பார்ப்பார். நாலு அடி நடக்கவிட்டுக் காலைக் கவனிப்பார். விற்கிறவரோ ஒரு பக்கமாக வெற்றிலையை மென்றுகொண்டு நிற்பார். வண்டியில் பூட்டினால் பாதி வழியில் படுத்துக்கொள்ளும் மாடு என்பது அவருக்குத் தெரியும். வாங்குகிறவருக்கு அது மறுநாள்தான், பாதி வழியில்தான் தெரியப்போகிறது.

இன்று மாடு இருந்த இடத்தில் மோட்டார் வண்டி நிற்கிறது. பல்லை எண்ணிய கண்கள் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்க்கின்றன. கடை சேர்ந்த மாட்டை இளங்காளை என்று சொல்லி விற்றவருடைய பேரன், லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை நாற்பதாயிரம் ஓடியது என்று சொல்லி விற்கிறான். மிருகம் மாறியிருக்கிறதே தவிர வியாபாரம் மாறவில்லை. அதன் அடியில் கிடக்கிற கேள்வியும் மாறவில்லை. விற்கிற பொருளில் உள்ள குற்றம் விற்கிறவனுக்குத் தெரியும் என்றால், அதை அவன் வாய் திறந்து சொல்லித்தான் ஆக வேண்டுமா? அல்லது கண் உள்ளவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று பேசாமல் நிற்கலாமா?

இந்தக் கேள்விக்கு இரண்டு காலங்களில் இரண்டு விதமான பதில்களைக் கேட்ட ஊர் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் புதுச்சேரி.

புதுச்சேரி என்றவுடன் கடற்கரையும் வெள்ளைச் சுவர்களும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊர் பிறந்ததும் வளர்ந்ததும் துணி வியாபாரத்தில். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அந்த வியாபாரத்தின் நடுவே வாழ்ந்தவர். கவர்னர் டியூப்ளேயின் துபாஷியாக இருந்தவர். யுத்தத்தையும் அரசியலையும் தேடி அவருடைய நாட்குறிப்பைப் புரட்டுகிறவர்கள், பக்கத்துக்குப் பக்கம் துணிப் பேச்சு வருவதைக் கண்டு திகைப்பார்கள். பிரெஞ்சுக் கம்பெனி வியாபாரிகளுக்கு முன்பணம் கொடுக்கும். துணி வந்து சேர்ந்ததும் கம்பெனியின் ஆட்கள் மாதிரித் துணியோடு வைத்துப் பார்த்து, ரகம் பிரித்து, மட்டமானதை ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியதை வியாபாரி திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

அங்கே வாங்குகிறவனுக்குப் பயம் கிடையாது. கம்பெனி பெரிய கை. அதற்குக் கிடங்கு உண்டு, சோதிக்க ஆள் உண்டு, பின்னால் சிப்பாயும் உண்டு. கையில் கொஞ்சம் பணத்தை முடிந்துகொண்டு தனியாகக் கடைத்தெருவுக்குப் போகிறவனுக்கு இவற்றில் எது உண்டு? பெரியவன் வாங்கும்போது விற்கிறவன் நடுங்குகிறான். சிறியவன் வாங்கும்போது விற்கிறவன் வெற்றிலை மெல்லுகிறான். சட்டம் என்று ஒன்று வேண்டியிருப்பது அந்தச் சிறியவனுக்காகத்தான்.

அந்தச் சட்டம் புதுச்சேரிக்கு 1819-ஆம் வருஷம் வந்தது. நெப்போலியன் காலத்தில், 1804-இல், பிரான்சில் சிவில் சட்டத்தை ஒரே புத்தகமாகத் தொகுத்திருந்தார்கள். பிரெஞ்சுச் சட்டங்கள் புதுச்சேரியில் அமலுக்கு வரும் என்று 1819 ஜனவரி 6-ஆம் தேதி உத்தரவு பிறந்தது. இந்நாட்டாரின் பழைய வழக்கங்களுக்கும் அதில் இடம் வைத்தார்கள். ஆனாலும் கோர்ட்டின் ஆதாரச் சட்டம் பாரிஸிலிருந்து வந்ததுதான்.

அந்தப் புத்தகத்தில் 1641-ஆம் ஷரத்து நம் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுகிறது. விற்ற பொருளில் மறைந்திருக்கும் குற்றத்துக்கு விற்றவனே பொறுப்பு. அந்தக் குற்றம் பொருளை அதன் உபயோகத்துக்கே லாயக்கில்லாமல் செய்திருக்க வேண்டும். அல்லது, தெரிந்திருந்தால் இவ்வளவு விலை கொடுத்திருக்க மாட்டான் என்று சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற குற்றத்துக்கு விற்றவன் பொறுப்பல்ல. அதைப் பார்க்க வேண்டியது வாங்குகிறவன் வேலை. மறைந்த குற்றமானால் வாங்கியவனுக்கு இரண்டு வழி உண்டு. பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அல்லது பொருளை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். எதுவானாலும் காலதாமதம் செய்யாமல் கோர்ட்டுக்குப் போக வேண்டும். விற்றவனுக்குக் குற்றம் முன்பே தெரியும் என்றால், நஷ்டஈடும் சேர்ந்து அவன் தலையில் விழும். "எனக்கே தெரியாதே, ஐயா!" என்று அவன் சத்தியம் செய்தாலும், பொறுப்பில்லை என்று முன்கூட்டியே ஒப்பந்தம் பேசியிருந்தால் ஒழிய, தப்ப முடியாது.

இப்போது புதுச்சேரி எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போவோம். அங்கே வெள்ளைக்காரன் ராஜ்யம், அவனுடைய சட்டம். 1872-இல் செய்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, மோசடி என்றால் என்ன என்று விளக்குகிறது. பொய் சொல்வது மோசடி. தெரிந்த குற்றத்தை வேண்டுமென்றே மூடி மறைப்பதும் மோசடி. ஆனால் சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது, பேச வேண்டிய கடமை ஏதும் இல்லாதபோது, மோசடி ஆகாது! இதை விளக்கச் சட்டம் எழுதியவர்கள் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருவன் ஏலத்தில் குதிரை விற்கிறான். அது நோய்க் குதிரை என்று அவனுக்குத் தெரியும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி அல்ல என்கிறது சட்டம்.

அடுத்த உதாரணத்தைப் பாருங்கள். அதே குதிரையை வாங்குகிறவள் அவனுடைய சொந்த மகள், அப்போதுதான் மேஜரானவள் என்றால், அப்பன் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். பெற்ற மகளிடம் சொல்ல வேண்டிய உண்மையை ஊரான் பிள்ளையிடம் சொல்ல வேண்டியதில்லை என்று இவ்வளவு பச்சையாக நான் எந்த நாவலிலும் படித்ததில்லை.

1930-இல் சரக்கு விற்பனைக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதன் 16-ஆவது பிரிவும் இந்த வழியில்தான் நடக்கிறது. வாங்குகிறவனே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அதன் பொது விதி. விதிவிலக்குகளும் உண்டு. அந்தச் சரக்கையே தொழிலாக விற்கும் வியாபாரிக்குச் சில பொறுப்புகளைக் கட்டியிருக்கிறது. ஆனால் அடுத்த தெருக்காரர் தம்முடைய பழைய வண்டியைத் தாமே விற்றால், அந்தப் பொறுப்புகள் அவரைத் தொடுவது கடினம்.

1930-களில் ஒருவர் பழைய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினில் விரிசல். விற்றவருக்குத் தெரியும், ஆனால் அவர் பொய் சொல்லவில்லை, மூடிப் பூசவும் இல்லை, பேசாமல் இருந்தார். பேரம் புதுச்சேரியில் முடிந்திருந்தால் வாங்கியவர் கோர்ட்டுக்குப் போய் நியாயம் கேட்டிருக்கலாம். கடலூரில் முடிந்திருந்தால், "நீர் ஏன் பார்த்து வாங்கவில்லை?" என்ற கேள்வி அவர்மேலேயே திரும்பியிருக்கும். இரண்டு ஊருக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அவ்வளவு தூரத்துக்குள் மௌனம் குற்றமாகவும் இருந்தது, சாமர்த்தியமாகவும் இருந்தது.

இந்த வழக்கு பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ஆரம்பித்தது அல்ல. கி.மு. 44-இல் ரோமாபுரியில் ஸிஸரோ தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒருவன் வீடு விற்கிறான். வீட்டு மரம் உளுத்தது, அறைகளில் பாம்பு வருகிறது. விற்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வேண்டுமா என்று இரண்டு தத்துவ ஞானிகள் தர்க்கம் செய்கிறார்கள். டயோஜனிஸ் என்பவர், பொய் சொல்லாமல் இருந்தால் போதும் என்கிறார். அவருடைய சீடர் அண்டிபேட்டர், சொல்லாமல் விற்பது வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் நிற்பதைவிட மோசம் என்கிறார். ஸிஸரோ சீடர் பக்கம் சாய்ந்தார். ரோமாபுரிச் சந்தை அதிகாரிகளும் அடிமைகளையும் கால்நடைகளையும் விற்கிறவர்கள் குற்றங்களை அறிவித்தே விற்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். அந்த விதியின் வழித்தோன்றல்தான் கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்த 1641-ஆம் ஷரத்து. நமக்கும் இது அன்னியச் சரக்கு அல்ல. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொடுப்பதில் குறைக்காமலும் கொள்வதில் மிகுக்காமலும் நடந்ததைப் பட்டினப்பாலை சிறப்பித்துப் பேசுகிறது.

1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இணைந்தது. பிறகு இந்தியச் சட்டங்கள் படிப்படியாக வந்து சேர்ந்தன. 1968-இல் அதற்கென்றே பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. இணைப்பு நல்ல காரியம்; அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வீடு மாறும்போது ஒரு நல்ல குத்துவிளக்கு தவறிப்போவதுபோல, மறைந்த குற்றத்துக்கு விற்றவனே பொறுப்பு என்ற அந்தப் பழைய விதி வழியில் நின்றுவிட்டது. குதிரைக்காரன் எல்லையைத் தாண்டி உள்ளே வந்தான்.

அவன் வந்ததால் கெட்டவர்கள் யார்? ஏமாந்த நாலு பேர் என்றுதான் நாம் நினைப்போம். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு என்று காட்டியவர் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர். பழைய மோட்டார் வண்டிச் சந்தையைப் பற்றி அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மூன்று சஞ்சிகைகள் அதைத் திருப்பி அனுப்பின. எழுதுகிறவர்கள் இதைப் படித்து ஆறுதல் கொள்ளலாம். 1970-இல் நாலாவது சஞ்சிகை வெளியிட்டது. 2001-இல் நோபல் பரிசு வந்தது.

அவர் சொன்னது இதுதான். நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே எல்லா வண்டிக்கும் நடுத்தரமான ஒரு விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு ஓட்டை வண்டிக்காரன் சந்தோஷமாக விற்பான். நல்ல வண்டி வைத்திருப்பவனுக்குக் கட்டாது, விலகிவிடுவான். நல்லவை போகப் போகச் சந்தையில் ஓட்டைகளே மிஞ்சும். வாங்குகிறவன் விலையை இன்னும் குறைப்பான். கடைசியில் யோக்கியன் விற்கவே இடம் இல்லாமல் போகும். இதற்கு உதாரணமாக அவர் இந்தியக் கடைத்தெரு அரிசியையும் எடுத்துக்கொண்டார். அதில் அரிசியைப் போலவே இருக்கும் கல்லை வேண்டுமென்றே கலக்கிறார்கள் என்று எழுதினார். முறத்தோடு உட்கார்ந்து நம் வீட்டுப் பெண்கள் எத்தனை தலைமுறையாகக் கல் பொறுக்கினார்கள்! கலந்தவன் ஒருவன்; கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஊர் முழுவதும்.

நம் நாட்டில் அம்பாஸடருக்கும் பியட்டுக்கும் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது பழைய வண்டி, புது வண்டியின் சர்க்கார் விலையைவிட அதிகமாகவே விலைபோனது உண்டு. கேள்வி கேட்டால் வண்டி அடுத்தவனுக்குப் போய்விடும் என்று வாங்குகிறவன் வாயைப் பொத்திக்கொண்டான். அந்தக் காலம் போய்விட்டது. தந்திரங்கள் மட்டும் புதுசாகியிருக்கின்றன. கேபிளைக் கழற்றி மீட்டரைப் பின்னோக்கிச் சுற்றியவர்கள் இருந்த இடத்தில், மின்கருவியைச் செருகி எண்ணை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் வாகன வரி குறைவு என்பதற்காக, வெளியூர்ச் செல்வர்கள் இங்கே குடியிருப்பதுபோல விலாசம் காட்டி ஆடம்பர வண்டிகளைப் பதிந்த விவகாரம் 2017-இல் கேரளத்தில் பெரிதாக வெடித்தது. அப்படிப்பட்ட வண்டியைக் கைமாற்றி வாங்குகிறவன், எஞ்சினோடு அந்தப் பொய் விலாசத்தையும் சேர்த்து வாங்குகிறான்.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. தெருவில் நின்ற வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. தண்ணீர் வடிந்தது, வண்டியைக் கழுவினார்கள், உறை மாற்றினார்கள். வெயிலில் நிறுத்தினால் மணப்பெண்போல நிற்கும். உள்ளே கம்பிகளின் முனையில் துரு மெள்ள மெள்ள ஏறும். மீட்டரைத் திருப்பினவன் எந்தச் சட்டத்திலும் மோசக்காரன்தான். ஆனால் முழுகிய வண்டியை நிறுத்திவிட்டு வாய் பேசாமல் இருக்கிறவன்? அவன்தான் 1872-இன் குதிரைக்காரன்.

ஏமாறுகிறவன் வாங்குகிறவன் மட்டும் அல்ல. விற்கிறவனும் அலட்சியமாக இருந்தால் அகப்பட்டுக்கொள்வான். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், வண்டி கைமாறினால் அதே மாநிலத்துக்குள் 14 நாட்களில் விற்றவன் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பல கை மாறிய ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், புத்தகத்தில் எவன் பெயர் இருக்கிறதோ அவனே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பழைய வண்டி வியாபாரிகள் சர்க்காரின் அங்கீகாரம் பெற வேண்டும், தங்களிடம் உள்ள வண்டி எங்கெங்கே ஓடியது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதிகளும் 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தன. பழைய பிரெஞ்சு விதியின் நிழல் வேறு வாசல் வழியாக எட்டிப் பார்க்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் சட்டம் எல்லாவற்றையும் காவல் காக்காது. வாங்குகிறவன் கையில் பழைய ஆயுதம் ஒன்று இருக்கிறது. அந்த 1872-ஆம் வருஷத்துக் குதிரைக் கதையில் மூன்றாவது உதாரணம் ஒன்று உண்டு. முதல் உதாரணத்தைக் கேட்டுக் கோபம் வருகிறவர்கள் அதுவரைக்கும் படிப்பதில்லை. வாங்குகிறவன் சொல்கிறான்: நீர் மறுக்காவிட்டால், குதிரை நல்ல குதிரை என்றே எடுத்துக்கொள்வேன். விற்கிறவன் பேசாமல் நிற்கிறான். இப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். அதாவது பொய்க்குச் சமம்.

ஆக, கேட்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கியதா? விபத்தில் அடிபட்டதா? மீட்டர் அசல்தானா? கடன் பாக்கி உண்டா? இவற்றைக் காகிதத்தில் எழுதி, எதிரே பதிலுக்கு இடம் விட்டு, கையெழுத்துக் கேட்க வேண்டும். நம்மவர்களுக்கு இதில் ஒரு கூச்சம். "பெரிய மனுஷரிடம் போய் எப்படிக் கேட்பது? நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வாரே" என்று தயங்குவோம். யோக்கியமாக விற்கிறவருக்கு அந்தக் காகிதம் அவமானம் அல்ல; ஓட்டை வண்டிகளுக்கு நடுவே தம் வண்டி நல்லது என்று காட்ட அவருக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி அது. கையெழுத்துப் போடாமல் வெற்றிலையை மெல்ல ஆரம்பிக்கிறவரிடம், பணத்தை மடியிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்துவிடலாம்.