அவையல் கிளவியும் ஆடரங்கும்

அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துக் கூறுக என்று தொல்காப்பியர் விதித்தார். நன்னூலார் அதனை 'இடக்கரடக்கல்' என்னும் பெயரால் தகுதி வழக்கில் வைத்தார். புலவர் வகுத்த இத்திரையையே நகைச்சுவை நடிகனும் கைக்கொள்கிறான். ஆனால் அவன் திரையிடுவது மறைப்பதற்கன்று. உள்ளே இருப்பதை அவையோர் தாமே உணர்ந்து நகைப்பதற்கே.

ஆங்கில நாடகம் செழித்த காலத்தை முதற்கண் நோக்குவோம். ஷேக்ஸ்பியரின் குழுவினர் 1599இல் குளோப் அரங்கை எழுப்பிய இடம், தேம்சு ஆற்றின் தென்கரை. அக்கரையின் ஒரு பகுதி வின்செஸ்டர் ஆயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1546இல் எட்டாம் ஹென்றி மன்னர் மூடும் வரை, அங்கே பரத்தையர் விடுதிகள் அனுமதி பெற்றே நடந்து வந்தன. அம்மகளிரை மக்கள் 'வின்செஸ்டர் வாத்துகள்' என்றனர். ஒரு கொச்சைச் சொல்லில் ஆயரின் அறமும் வருவாயும் ஒருங்கே எள்ளப்பட்டன!

'விண்ட்சர் நகரத்துக் குறும்பு மனைவியர்' நாடகத்தில் ஒரு பாதிரியார் சிறுவனிடம் இலத்தீன் இலக்கணம் கேட்கிறார். சிறுவன் ஆறாம் வேற்றுமையின் பெயரைச் சொல்ல, அருகிலிருந்த குவிக்லி அம்மையார் அதனை ஜென்னி என்ற பெண்ணொருத்தியின் இழிகதையாகக் கேட்டுச் சீறுகிறார். பிள்ளை குற்றமற்றவன், பாடமும் குற்றமற்றது. கேட்ட செவியிலன்றோ கொச்சை பிறந்தது!

1606இல் எழுந்த சட்டம், மேடையில் கடவுளின் பெயரை விளையாட்டாக எடுத்தால் பத்துப் பவுன் தண்டம் விதித்தது. இரட்டுறமொழிதலை அது தீண்டவில்லை. குடும்பத்தினர் கூடியிருந்து படிக்கத்தக்கதாக ஷேக்ஸ்பியரைக் களையெடுத்த பதிப்பு 1807இல் வெளிவந்தது. 1818இல் தாமஸ் பௌட்லர் அதனை விரிவாக்கினார். களைந்தவற்றைத் திரும்பத் தொகுத்து 1947இல் அகராதியாகவே தந்தவர் எரிக் பார்ட்ரிஜ்.

இத்தகைய உரிமை பெற்ற நகைப்பாளன் நம் மண்ணிலும் உண்டு. 1911இல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர் வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. ஆகவே ஆர்க்காட்டுச் சீமையின் தெருக்கூத்து இங்கும் வேரூன்றியது. தெலுங்கில் அது வீதி நாடகம். தருமராசர் கோயில்களில் பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து. அங்கே மன்னன் செய்யுளில் தன் பெருமை பாடுவான்; கட்டியக்காரன் அதனைத் தெருவின் மொழியில் பெயர்த்து, முடியை ஒரு சொல்லால் சாய்ப்பான். இரு மொழி வழங்கும் ஊரில் அவனுக்குச் சொற்பஞ்சம் ஏது? தமிழில் இல்லத்தைக் குறிக்கும் 'வீடு', தெலுங்கில் 'இவன்' என்னும் மரியாதையற்ற சுட்டு அன்றோ! பாரதம் முடிந்தபின் அவனுக்கு அவ்வுரிமை இல்லை. அவன் கொச்சைக்குக் காலமும் களமும் இலக்கும் உண்டு.

திருப்பதியில் தாத்தய்யகுண்டா கங்கையம்மன் திருவிழாவிலும் இதனைக் காணலாம். பெண்களைக் கெடுத்த பாளையக்காரனைத் தேடி அன்னை பல வேடங்களில் அலைந்தாள் என்பது கதை. அத்திருவிழாவில் வேடம் புனைந்தோர் வசைமொழி கூவுவதும் வழிபாடே.

1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம், அரசுக்கு எதிரான நாடகத்தையும் ஒழுக்கம் கெடுக்கும் நாடகத்தையும் ஒரே வலையில் பிடிக்க முனைந்தது. பின்னர் கற்றோர் நாகரிகம் கூத்தையே இழிவென ஒதுக்கியது. சட்டத்தினும் இவ்வெட்கமே கொடிது என்போம்.

இச்சொற்களை வீட்டில் பிள்ளைகள் முன் பேசுக என்று நாம் கூறவில்லை. தமிழும் தெலுங்கும் கலந்து நகைத்த நம் எல்லைப்புற வாழ்வு, கட்டியக்காரன் நாவிலேயே வாழ்கிறது. எழுதி வைக்கப்படாத அந்நா அடங்கினால் நம் மொழியின் ஒரு கிளை பட்டுப்போகும். ஆங்கிலேயர் வெட்டியதைப் பொறுக்கிச் சேர்த்தனர். முதிய கூத்தர் இருக்கும்போதே அவர்தம் சொற்களை ஒலிப்பதிவு செய்து தொகுப்பது, இவ்வூர்களில் வாழும் தமிழராகிய நம் கடனாகும்.