காற்றின் கனத்தை அளந்தவர்கள்

உறிஞ்சு குழாயால் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது என்பதைப் பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியின் தொழிலாளர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். இயற்கை சூன்யத்தைச் சகியாது, ஆதலால் நீர் தானே மேலேறி அதை நிரப்பும் என்று அரிஸ்டாட்டிலின் வழிநின்று போதித்துவந்த பண்டிதர்களிடமோ, அந்த வெறுப்பு 10 மீட்டரோடு ஏன் ஓய்ந்துவிட வேண்டும் என்பதற்குத் தக்க விடை இருக்கவில்லை.

1638-இல் லெய்டன் நகரில் அச்சேறிய தம் இறுதி நூலில் கலிலியோ, நீர் ஏறாத உறிஞ்சு குழாயைப் பழுது பார்க்க வந்த தொழிலாளி ஒருவர், குறை குழாயில் இல்லை, கிணற்றின் நீர்மட்டம் இறங்கிவிட்டதே காரணம் என்று விளக்கிய செய்தியைச் சம்பாஷணையின் நடுவே எடுத்தாண்டார். நீர்த்தம்பம் தன் கனத்தாலேயே கயிறுபோல் அறுந்துபோகிறது என்று அவர் கண்ட சமாதானம் பிழையானது. ஆயினும், ஒரு கைத்தொழிலாளியின் சொல்லைச் சாஸ்திர விசாரணைக்குரிய சாட்சியமாக ஏற்ற அந்த மனோபாவத்தையே நான் அவருடைய பிழையினும் பன்மடங்கு பெரிதாக மதிக்கிறேன்.

அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின், 1644-இல், அவருடைய சீடர் டாரிசெல்லி தண்ணீருக்குப் பதிலாக அதனினும் சுமார் 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்துக்கொண்டார். கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கவிழ்த்த பாதரசம் 76 சென்டிமீட்டர் அளவில் நின்றது, இதை 13.6-ஆல் பெருக்கினால் தொழிலாளர்கள் சொன்ன அதே 10 மீட்டர் வருகிறது! தம்பத்தைத் தாங்கி நிற்பது சூன்யத்தின்பால் உள்ள வெறுப்பன்று, வெளியிலிருந்து அழுத்தும் காற்றின் கனமே என்று அவர் தெளிந்தார்.

அங்ஙனமாயின் மலையுச்சியில் காற்றின் கனம் குறைந்து, பாதரசமும் இறங்கவேண்டுமன்றோ? பிரான்ஸ் தேசத்துப் பாஸ்கல் இதைச் சோதிக்கும்படி கிளெர்மோனில் வசித்த தம் தமக்கையின் கணவரான பெரியேவுக்கு எழுதினார். 1648 செப்டம்பர் 19-ஆம் தேதி பெரியே, நகரத்து மடமொன்றின் தோட்டத்தில் ஒரு குழாயை நிறுத்தி, நாள் முழுவதும் அதைக் கண்காணிக்க ஒரு துறவியை அமர்த்திவிட்டு, ஊர்ப் பெரியோர் சிலருடன் 1,465 மீட்டர் உயரமுள்ள புய் த டோம் மலையின்மேல் மற்றொரு குழாயைக் கொண்டு சென்றார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக இறங்கியிருந்தது. திறந்த வெளியிலும், அங்கிருந்த சிற்றாலயத்தின் உள்ளேயும், இடம் மாற்றி ஐந்து முறை சோதித்தும் அளவு மாறவில்லை. மடத்துத் தோட்டத்திலோ, காலை முதல் மாலை வரை பாதரசம் அசையவேயில்லை.

மலையேறிய குழாயினும், அடிவாரத்தில் ஒரு துறவியின் கண்காணிப்பில் நின்ற குழாயே என் மதிப்பில் அருமை மிக்கது. அது இல்லாதிருந்தால், பாதரசத்தை இறக்கியது உயரமா, அன்றைய வானிலையா என்று எவராலும் துணிந்து சொல்லியிருக்க முடியாது.