பாஸ்போர்ட்டைக் கொடுக்காத சேக்காளி

கூட்டமாகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டியின் பின்னால் வெளிநாடு போவது நம் காலத்துப் பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2016 பிப்ரவரியில் நானும் என் சேக்காளியும் இனயத்திலிருந்து அப்படி ஒரு புனித நாட்டுப் பயணம் போய்வந்தோம். திரும்பி வந்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான், இந்தப் பழக்கத்துக்கு ஐந்நூறு வருஷத்துக்கு மேல் வயது என்று தெரிந்தது.

முதலில் சேக்காளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. நான் படித்து வாத்தியார் ஆனேன். அவன் பன்னிரண்டு வயதில் அப்பாவோடு கட்டுமரம் ஏறினான். பிறகு பஹ்ரைனில் பதினெட்டு வருஷம் மீன்பிடி வேலை. நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது அப்படிப் போனவர் உண்டு. ‘பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் இருந்தவன்’ என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அவன் பார்த்ததெல்லாம் கடலும், படகுத் துறையும், தூங்கின அறையும்தான். போய் இறங்கின அன்றைக்கே பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வாராம். அம்மா இறந்தபோது அது கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. அடக்கத்துக்கு அவன் வரவில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எங்கள் குழு 42 பேர். வழிகாட்டித் தம்பி ஒரு பையோடு வந்து எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் கேட்டான். குழு விசாவுக்கு மொத்தமாகக் காட்ட வேண்டும் என்றான். 41 பேர் கொடுத்தோம்.

“எனக்க பாஸ்போர்ட்டு எனக்க கையிலதான் இருக்கும்” என்றான் சேக்காளி.

எனக்கு வெட்கமாகிவிட்டது. “கொடுத்துரு லே, எல்லாரும் கொடுத்தாச்சுல்லா” என்று அதட்டினேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு அந்த ஒன்பது நாள் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன். பதினைந்தாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்துக் கப்பல்காரர்கள் எருசலேமுக்குப் பயணிகளை மொத்தமாக அழைத்துப் போனார்கள். கப்பல், சாப்பாடு, சுங்கம், கழுதை வாடகை எல்லாம் ஒரே கட்டணத்தில். ஜெர்மனியின் உல்ம் நகரத்துத் துறவி பெலிக்ஸ் பாப்ரி 1480-லும் 1483-லும் அப்படிப் போய், நடந்ததையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். கப்பல் தலைவனோடு அவர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில், தினமும் இரண்டு வேளைச் சாப்பாடு என்பதோடு, பயணிகள் கோழி வளர்க்கக் கப்பலில் இடம் தர வேண்டும் என்றுகூட இருக்கிறது! முதல் தடவை புனித நாட்டில் ஒன்பது நாளுக்கு மேல் தங்க விடவில்லை, ஓட ஓடத்தான் பார்த்தோம் என்பது அவர் குறை. இரண்டாம் தடவை போனதற்கு அதுதான் காரணம். யோப்பா துறைமுகத்தில் இறங்கியதும் ஒவ்வொருவராகப் பெயர் எழுதி, எண்ணி, நாற்றமடிக்கும் பாழடைந்த நிலவறைக்குள் தள்ளியிருக்கிறார்கள். அனுமதி வரும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும். இதைப் படித்தபோது என் சேக்காளி முகம்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்தவர் இங்கிலாந்தின் தாமஸ் குக். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு, மதுவிலக்குக் கூட்டத்துக்காக, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கி ஐந்நூறு பேர் அளவில் ரயிலில் கூட்டிப்போனார். 1869-ல் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் குழுவை நடத்திச் சென்றார். பணக்காரர்களுக்கும் துறவிகளுக்கும் மட்டும் வாய்த்த பயணம் அவரால் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. நம் தமிழ்நாடு அரசு 2011-12 முதல் எருசலேம் பயணத்துக்கு உதவித்தொகை தருகிறது. தொடக்கத்தில் ஆளுக்கு 20,000 ரூபாய், பிறகு 37,000. நாங்கள் போனது சொந்தக் காசில்தான்.

விமான நிலையத்தில் அந்த வழிகாட்டித் தம்பி கோபப்படவில்லை. விஷயத்தைக் காதோடு சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஐயா, நீங்க எங்கூடவே நில்லுங்க. கவுண்டர்ல நீங்களே குடுத்து நீங்களே வாங்கிக்கிடுங்க” என்றான். அதன்பிறகு போன இடமெல்லாம், 41 பாஸ்போர்ட்டோடு தம்பியும், ஒரு பாஸ்போர்ட்டோடு சேக்காளியும் வரிசையில் முன்னால் நின்றார்கள். வழியில் பஹ்ரைனில்தான் விமானம் மாறினோம். அங்கே இருந்த மூன்று மணி நேரமும் அவன் கை சட்டைப்பையை விட்டு எடுக்கவில்லை.

கலிலேயக் கடலைப் பார்த்ததும், “இதுக்குப் போயா கடல்னு பேரு?” என்று சிரித்தான். நியாயம்தான். அது 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரி. 1986-ல் வறட்சியில் தண்ணீர் வற்றியபோது, கரைச் சேற்றுக்குள் ஒரு பழைய படகை மீனவர்களான இரண்டு சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 2,000 வருஷப் பழசு. எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். கின்னோசாரில் ஒரு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

குழுவில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். சேக்காளி மட்டும் குனிந்து, பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டு நின்றான். “பாவப்பட்டவனுக்க வள்ளம் லே இது. புதுப் பலகை வாங்கக் காசில்லாம, கெடச்ச கட்டையெல்லாம் வச்சு ஒட்டுப் போட்டிருக்கான். நல்ல சாமானையெல்லாம் கழற்றி எடுத்துட்டுத்தான் கடைசியில தள்ளிவிட்டிருக்கான்” என்றான்.

வழிகாட்டித் தம்பி அசந்துபோனான். ஆராய்ச்சியாளர்கள் சொன்னதும் அதேதான்: அந்தப் படகில் பன்னிரண்டு வகை மரம் இருக்கிறது, பழைய படகுகளின் பலகைகளை எடுத்தே பழுது பார்த்திருக்கிறார்கள், உபயோகப்படும் பாகங்களைக் கழற்றியிருக்கிறார்கள். தம்பி போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டான். அரை மணி நேரம் எங்களுக்கெல்லாம் வழிகாட்டி என் சேக்காளிதான். பேருந்து புறப்பட நேரமானது, யாரும் முணுமுணுக்கவில்லை.

அந்த பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. அவன் புதுப்பிக்கவில்லை. முழங்கால் வலி, இனி எங்கே போக என்கிறான். போன வாரம் அவன் வீட்டுக்குப் போனபோது, அலமாரியில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“பாத்துட்டு அங்கேயே வச்சிரு” என்றான்.