பொட்டும் மானிய நிலமும்: தேவதாசி ஒழிப்புச் சட்டங்களின் வரலாறு

சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினாலேயே ஒழிந்ததாகப் பொதுவாகக் கருதப்பட்டாலும், அச்சட்டத்துக்கு 18 ஆண்டுகள் முன்னரே அம்முறையின் பொருளியல் வேரான நிலத்தின்மீது சட்டமன்றம் கைவைத்திருந்தது. சடங்கைத் தடைசெய்யும் முன் அச்சடங்கைத் தாங்கி நின்ற மானியத்தை விடுவிக்க வேண்டியிருந்தது.

கோயிற்பணி செய்த பெண்களுக்கு நிலவருவாயை ஒதுக்கும் வழக்கம் பழமையானது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும், ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாயுடைய பங்கும் அளிக்கப்பட்டதை அக்கோயிற் கல்வெட்டு பெயர்களோடு பதிவுசெய்துள்ளது. பிற்காலத்தில் இப்பணி, இறைவன் சந்நிதியில் சிறுமிக்குத் தாலி அணிவிக்கும் ‘பொட்டுக்கட்டுதல்’ என்னும் சடங்கோடு பிணைந்தது. பொட்டுக் கட்டப்பட்டவள் கைம்மை அடையாத ‘நித்திய சுமங்கலி’ எனப் போற்றப்பட்டாள். எனினும் மணவாழ்வு அவளுக்கு மறுக்கப்பட்டதோடு, செல்வர்களின் ஆதரவை நாடி வாழும் நிலையும் அவள்மீது சுமத்தப்பட்டது. ஆடல், பாடல், இறைவனுக்குக் கண்ணேறு கழிக்கும் கும்பாரத்தி ஆகிய பணிகளைச் செய்வோர்க்கே மானியம் உரியது என்பதால், நிலம் கைவிட்டுப் போகாதிருக்கத் தலைமுறைதோறும் ஒரு பெண்ணையாவது கோயிலுக்கு விடவேண்டிய கட்டாயம் குடும்பங்களுக்கு நேர்ந்தது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373 ஆகிய பிரிவுகள் வயது வராத பெண்ணைப் பரத்தமைக்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருந்தன. ஆனால் அந்நோக்கத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், சமயச் சடங்கு என்னும் போர்வையில் நிகழ்ந்த பொட்டுக்கட்டுதலை அவை முழுமையாகத் தடுக்கவில்லை. தேவதாசிக் குடும்பத்தில் பிறந்த தாயின் மகளும், சென்னைச் சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினருமான மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் இம்முறைக்கெதிரான தீர்மானத்தை அவையில் கொண்டுவந்தார். அவருடைய முயற்சியால் 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டு, தேவதாசிகளின் மானிய நிலம் கோயிற்பணி என்னும் நிபந்தனையிலிருந்து விடுவிக்கப்பட்டது. பணியை விட்டாலும் நிலம் பறிபோகாது என்றான பின், மகளைக் கோயிலுக்கு விடவேண்டிய கட்டாயமும் தளர்ந்தது.

சடங்கையே தடைசெய்ய 1930இல் அவர் கொண்டுவந்த மசோதா கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. காங்கிரசுத் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் மரபின் பெயரால் எதிர்த்தனர். பெங்களூர் நாகரத்தினம்மா உள்ளிட்ட தேவதாசிகள், கலையையும் சமயப்பணியையும் பேணும் தம்மைப் பரத்தையரோடு ஒன்றாக வைப்பது தகாது என வாதிட்டனர். மறுபுறம், அதே மரபிலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936இல் வெளிவந்த ‘தாசிகள் மோசவலை’ என்னும் புதினத்தின் வழியாகவும் மேடைகளிலும் ஒழிப்புக்காகப் போராடினார்.

இறுதியில் நிறைவேறிய 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலைச் சட்டவிரோதமாக்கி, அதில் பங்குகொள்வோர்க்கு 6 மாதம் வரை வெறுங்காவலோ 500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வகைசெய்ததுடன், பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணின் திருமணம் செல்லும் என்றும் உறுதிசெய்தது. அதே சட்டம் கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் தடைசெய்ததால், சுரண்டலோடு கலைக்குரிய களமும் அவர்களிடமிருந்து அகன்றது. 1929ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்ணின் கையில் நிலத்தை விட்டுவைத்து அவளை விடுவித்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டமோ தண்டனையையும் தடையையும் நம்பியது. கர்நாடகம் 1982இலும் ஆந்திரம் 1988இலும் இத்தகைய தடைச் சட்டங்களை மீண்டும் இயற்ற நேர்ந்தமை, வாழ்வாதாரத்துக்கு வழிவகுக்காத தடை தனித்து நின்று பயன்தருவது அரிது என்பதை உணர்த்துகிறது.