குதிரைத்திறனும் மிச்சத்திறனும்: கிளைடரை இழுக்க மோட்டார் கிளைடர் போதுமா?

கிளைடர் சங்கங்கள் மோட்டார் கிளைடரை இழுவைக்குப் பயன்படுத்தலாகாது என்னும் வாதம் பெரும்பாலும் ஓர் ஒப்பீட்டில் தொடங்கி அதிலேயே முடிகிறது. வயலில் மருந்து தெளிக்க உருவாகி இழுவை விமானமாகவும் பயன்படும் பைப்பர் பாவ்னியின் ஒரு வகைக்கு 235 குதிரைத்திறன். ரோட்டாக்ஸ் 914 இயந்திரம் பொருத்திய சூப்பர் டிமோனா மோட்டார் கிளைடருக்கு 115. திறன் பாதி என்பதால் பயனும் பாதி என்று இந்தத் தரப்பு முடிவு கட்டுகிறது. எண்கள் சரி, அவற்றை வாசித்த விதமே தவறு என்பது இக்கட்டுரையின் கருத்து.

மேலேறும் வேகத்தைத் தீர்மானிப்பது மொத்தத் திறன் அன்று. காற்றெதிர்ப்பை வென்றபின் எஞ்சும் திறனை, இழுப்பதும் இழுபடுவதுமான இரு வானூர்திகளின் கூட்டு எடையால் வகுத்தால் கிடைப்பதே அது. 600 கிலோ இரட்டை இருக்கைப் பயிற்சிக் கிளைடரை மணிக்கு 110 கிலோமீட்டரில் இழுப்பதாகக் கொள்வோம். விமானியும் எரிபொருளும் சேர்ந்து பாவ்னி 830 கிலோ, டிமோனா 690 கிலோ. புரொப்பெல்லரின் பயனுறுதிறன் இரண்டுக்கும் 60 விழுக்காடு. அலகுக் கோணத்தை மாற்றக்கூடிய புரொப்பெல்லர் டிமோனாவுக்குத் தரும் அனுகூலத்தை எதிர்த்தரப்புக்காக விட்டுக்கொடுக்கிறேன். பாவ்னியிடம் கிடைக்கும் 105 கிலோவாட்டில் ஏறத்தாழ 37 காற்றெதிர்ப்புக்கே போய்விடுகிறது. நீண்ட, மெல்லிய இறக்கை கொண்ட டிமோனாவுக்கோ 52இல் 16 மட்டுமே செலவு. எஞ்சுவதைக் கொண்டு கணக்கிட்டால் பாவ்னி நொடிக்கு 4.8 மீட்டர் ஏறும்; டிமோனா 2.8. அதாவது 600 மீட்டரை எட்ட முன்னதற்கு 2 நிமிடமும் பின்னதற்கு 3½ நிமிடமும் ஆகும். இவை மாதிரிக் கணக்குகள், அளந்தெடுத்தவை அல்ல. ஆயினும் திறன் 51 விழுக்காடு குறைந்த இடத்தில் ஏறும் வேகம் 42 விழுக்காடுதான் குறைகிறது.

அந்த ஒன்றரை நிமிடமும் முழு நட்டம் அன்று. பாவ்னியின் லைகாமிங் இயந்திரம் காற்றால் குளிர்வது. கயிறு கழன்றதும் சடாரென இறங்கினால் சிலிண்டர்கள் விரிசல் காணக்கூடும் என்பதால் விமானி ஓரளவு திறனைத் தக்கவைத்தே இறங்குகிறார். ரோட்டாக்ஸின் சிலிண்டர் தலைகள் நீர்மத்தால் குளிர்பவை. டிமோனாவுக்கு ஏர்பிரேக்கும் உண்டு. ஏற்றத்தில் இழந்த நேரத்தில் ஒரு பகுதி இறக்கத்தில் திரும்பிவிடுகிறது. ஏற்றத்தை மட்டும் அளந்தவர்கள் கணக்கின் பாதியைத்தான் எழுதினார்கள்.

ஆனால் மோட்டார் கிளைடரின் ஆதரவாளர்களும் கவனிக்கத் தவறும் வரம்பு ஒன்று உண்டு. ரோட்டாக்ஸ் 914 தன் 115 குதிரைத்திறனை 5 நிமிடமே தரலாம், அதன்பின் 100. தரையோட்டம் போக எஞ்சும் நேரத்தில் சுமார் 770 மீட்டர் ஏறலாம். 600 மீட்டர் பயிற்சி இழுவை இதற்குள் அடங்கும். 1,000 மீட்டர் அடங்காது.

உண்மையான ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. நொடிக்கு 2 மீட்டர் கீழிறங்கும் காற்றில் சிக்கினால் பாவ்னியிடம் 2.8 மிஞ்சும், டிமோனாவிடம் 0.8. உயரத்தில் இது பொறுமையைச் சோதிக்கும், அவ்வளவே. ஓடுபாதை முனையில் மரங்களுக்குமேல் 50 மீட்டரில் நேர்ந்தால் உயிரைச் சோதிக்கும். விமானக் கையேட்டின் புறப்பாட்டு அட்டவணை திட்ட வளிமண்டலத்தை அடிப்படையாகக் கொண்டிருக்கலாம். வெயில் உச்சியில், ஈரப்புல்லில் ஓடவேண்டிய சங்கம் அதை அப்படியே நம்பலாகாது.

கிளைடர் அளவுமீறி மேலெழுந்து இழுவை விமானத்தின் வாலைத் தூக்கிவிடும் என்ற அச்சம் பாவ்னிக்கும் பொருந்தும்; அது பயிற்சியின் கேள்வி. நீண்ட இறக்கைக்குக் கொட்டகையில் இடமில்லை என்பதை வாதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆக, ஓடுபாதை நீளமாகவும் அதற்கப்பால் கிளைடர் இறங்கத்தக்க வெளியும் உள்ள சங்கம் பயிற்சி இழுவைக்கு மோட்டார் கிளைடரைத் தயங்காமல் கொள்ளலாம். காடு சூழ்ந்த குறுகிய களத்தில், எரிபொருள் எவ்வளவு மிச்சமானாலும், கொள்ளலாகாது. இயந்திரத்தின் குதிரைகளை எண்ணுமுன் களத்தின் எல்லையிலுள்ள மரங்களை அளப்பதே முறை.