நெய்வேலி: கரியைக் காட்டிக் கொடுத்த தண்ணீர்



காமர்ஸ் படிக்கிறவனுக்கு சுரங்கத்திலும் தண்ணீரிலும் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் என் தாத்தாதான். நெய்வேலியிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் எங்கள் கிராமம். "அந்தக் காலத்துல போர் போட்டா மோட்டாரே வேணாம்டா, தண்ணி தானா பொங்கி வாய்க்கால்ல ஓடும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு எங்கள் போரில் மோட்டாரை மேலும் மேலும் கீழே இறக்கிக்கொண்டே போகிறோம். தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது, தாத்தா சொன்னது கதை இல்லை, வரலாறு!

நெய்வேலியில் கரி கிடைத்ததே தண்ணீரால்தான். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு சேர்ந்து கருப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட். பிறகு பல ஆண்டுகள் துளையிட்டு ஆய்வு செய்தார்கள். 1956ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அப்போது முதலமைச்சர் காமராஜர். 1961 ஆகஸ்டில் கரி கண்ணில் பட்டது. இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் உள்ளது. இடையில் நடந்த தண்ணீர்ப் போராட்டத்தைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

கரிக்கு மேலே சுமார் 50 முதல் 100 மீட்டர் மண். கரிக்குக் கீழே மணற்பாறை அடுக்கு, அதில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது தண்ணீர். அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. ஒரு கிலோ அழுத்தம் என்றால் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 60, 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கிவிடும் பலம் அதற்கு இருக்கிறது. தாத்தா பார்த்த பொங்கும் கிணறு இந்த பலத்தில் பொங்கியதுதான். மேலே உள்ள மண்ணை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பாரம் குறைந்ததும் சுரங்கத்தின் தரை வெடித்துத் தண்ணீர் மேலே வந்துவிடும்.

அதனால் 1950களில் பெரிய அளவில் பம்ப் வைத்து இறைத்துப் பார்த்தார்கள். சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்தால் அழுத்தம் குறையும் என்று உறுதியான பிறகுதான் சுரங்கமே சாத்தியமானது. இறைப்பது அன்று முதல் இன்று வரை தொடர்கிறது. அந்தத் தண்ணீர் அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போகிறது, பக்கத்து வயல்களுக்கும் பாய்கிறது.

சரி, அழுத்தம் குறைந்ததா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் கண்காணிப்புக் கிணறுகள். தண்ணீர் எடுக்காமல், மட்டத்தை அளக்க மட்டுமே போட்ட குறுகலான குழாய்கள். அதில் அளவு நாடாவை விட்டு, தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று குறித்து வைப்பார்கள். ஆக, நீர்மட்டத்தை அளக்கும் வேலை நெய்வேலியில் தொடங்கியது சுரங்கத்தைக் காப்பாற்றத்தான். ஊர்க்காரன் கிணற்றைக் காப்பாற்றுவதற்காக அளப்பது பிற்பாடு வந்த யோசனை.

அந்த யோசனை சட்டமாக வர நாளானது. 1970களின் தொடக்கத்தில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் உருவெடுத்தது. 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1994ல் சுரங்கம் போன்ற பெரிய திட்டங்களுக்கு சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமானது. அந்த அனுமதிகளில் வழக்கமாக வரும் ஒரு நிபந்தனை, சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரின் மட்டத்தையும் தரத்தையும் ஆண்டுக்கு நான்கு முறை அளக்க வேண்டும் என்பது. கோடையில், ஆகஸ்டில், நவம்பரில், ஜனவரியில்.

மட்டம் மட்டும் போதாதா, தரம் எதற்கு? ஆழத்தில் அழுத்தம் குறைந்தால் கடலோரத்தில் உப்புநீர் உள்ளே நகரலாம். கடலூர் கடற்கரை அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. கரியோடு இருக்கும் கந்தகக் கனிமங்கள் காற்றும் நீரும் பட்டால் அமிலமாகக் கூடும். சாம்பல் குளங்களிலிருந்து உலோகங்கள் கசியக் கூடும். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை. 2023ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, நெய்வேலி சுற்றுவட்டாரத் தண்ணீரில் பாதரசம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயமும் அதைக் கையில் எடுத்தது.

இனி நான் படிக்கும் பாடத்துக்கு வருகிறேன். அக்கவுண்ட்ஸில் முதல் பாடமே ஆரம்ப இருப்பு தெரியாமல் இறுதி இருப்பை வைத்து லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியாது என்பதுதான். சுரங்கத்துக்குத் தன் ஆரம்ப இருப்பு தெரியும். எங்கள் கிணற்றின் 1960ஆம் வருடத்து இருப்பு தாத்தாவின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. ஞாபகத்தை எந்த நீதிமன்றத்தில் கொண்டு போய்க் கொடுப்பது? இரண்டாவது பாடம், கணக்கு எழுதுகிறவரே தணிக்கை செய்யக் கூடாது. சுரங்கம் அளந்து சுரங்கமே தரும் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் வேறொருவர் அளந்து பார்த்தால்தான் ஊர் நம்பும்.

எல்லாப் பழியையும் சுரங்கத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. நெல்லுக்கும் கரும்புக்கும் நாங்களும்தான் போர் போட்டு இறைத்தோம். மேலே இருக்கும் கிணற்று நீர் வேறு அடுக்கு, ஆழத்தில் இருப்பது வேறு அடுக்கு. யார் எவ்வளவு எடுத்தார்கள், எந்த அடுக்கு இறங்கியது என்று பிரித்துச் சொல்ல ஒரே வழி, இடம் இடமாக, வருடம் வருடமாக எழுதி வைத்த கணக்குதான். கணக்கு இல்லாத இடத்தில் சண்டைதான் மிஞ்சும்.

போன மே மாதம் ஊருக்குப் போனபோது, எங்கள் பழைய கிணற்றில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தேன். தேதியையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதினேன். தாத்தா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இதை அறுபது வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும்டா" என்றார். தாமதம்தான். என் பேரனுக்காவது ஆரம்ப இருப்பு என்று ஒன்று இருக்கட்டுமே...