சிந்துபாத்தை வரைந்த கைகள்

முடிவின்றி இழுபடும் காரியத்தைக் 'கன்னித்தீவுக் கதை' என்று சொல்வது தமிழில் ஒரு வழக்காகவே நிலைத்துவிட்டது. இவ்வழக்கு ஒரு நாளிதழின் சிறு மூலையில் பிறந்ததாகும். தமிழகத்தின் 'தினத்தந்தி' 1960ஆம் ஆண்டில் தொடங்கிய 'கன்னித்தீவு' சித்திரத் தொடர் அறுபது ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கின்றது. ஆண்டொன்றுக்கு 300 நாள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், முதல் அறுபது ஆண்டுகளிலேயே 18,000 தவணைகள் ஆகின்றன. உலக நாளிதழ்களில் வெளிவந்த சாகசத் தொடர்களுள் இத்தனை காலம் நீடித்தவை மிகச் சிலவே.

அக்கதையின் நாயகன் சிந்துபாத். லைலா என்னும் அழகியை மந்திரவாதி மூசா சிற்றுருவாக்கிவிட, அவளை மீட்பதற்காகச் சிந்துபாத் கடல் கடந்து அலைகின்றான். பெயர்கள் யாவும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வீட்டுக்கு வீடு ஒலிக்கும் பெயர்கள். ஆயிரத்தொரு இரவுகளின் சிந்துபாத் தனது ஆறாவது பயணத்தில் வந்து சேர்ந்த ஸரந்தீப் நமது நாடே. மதபேதமின்றித் தமிழ் வாசகர் அனைவரும் ஒரு முஸ்லிம் மாலுமியைத் தமது வீர நாயகனாக ஏற்றுக்கொண்டதை நாம் சிறிய செய்தியாகக் கருதவில்லை. எனினும் ஓர் உறுத்தலையும் சொல்லத்தான் வேண்டும். பிர்அவ்னின் சூனியக்காரர்களை வென்ற நபியின் பெயரையே இங்கு சூனியக்காரனுக்கு இட்டிருக்கின்றார்கள். தீய நோக்கம் ஏதும் இருந்ததாக நாம் எண்ணவில்லை. எழுதுவோரின் அறியாமை எங்கெல்லாம் நுழையக்கூடும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

சிந்துபாத்தை அறியாத தமிழ் வாசகர் அரிது. அவனை வரைந்தவர் யாரென்று கேட்டால் பதில் சொல்வோர் அதைவிட அரிது. 'கணு' என்ற பெயரில் வரைந்த கணேசனே அவனுக்கு முதலில் முகம் கொடுத்தவர். அவருக்குப் பின் ஓவியர் தங்கம் தூரிகையை ஏற்றார். கை மாறியபோதும் வாசகருக்குச் சிந்துபாத் அதே சிந்துபாத்தாகவே தெரிந்தான். இத்தொழிலின் வெற்றியும் துயரமும் இதுவேயாகும். புதிதாக வருபவர் தமது கோட்டை முந்தியவரின் கோட்டுக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும். மறைப்பு எவ்வளவு நேர்த்தியோ, அவ்வளவுக்கு இருவர் பெயரும் மறக்கப்படுகின்றன.

நாள்தோறும் சில கட்டங்கள் வரைவது எளிது என்று நினைப்போர் அதன் இலக்கணத்தை அறியாதவர். நேற்றைய இதழைத் தவறவிட்டவருக்கும் கதை விளங்க வேண்டும். நாளைய இதழைத் தேட வைக்கும் ஓர் ஆவலும் எஞ்ச வேண்டும். ஈய அச்சுக் காலத்தில் ஓவியத்தைப் புகைப்படமெடுத்து, நாகத் தகட்டில் அரித்து, 'புளொக்' செய்து அச்சிட்டார்கள். மட்டமான தாளில் மெல்லிய கோடு சிதைந்துவிடும். ஆகவே, தடித்த கோடும் திட்டமான கருமையும் ஓவியரின் மொழியாயின. காய்ச்சலானாலும் வீட்டில் மரணமானாலும் அச்சு இயந்திரம் அவருக்காகக் காத்திருப்பதில்லை.

மேல்நாட்டிலும் இத்தொழில் கடினமானதே. ஆனால், அங்கு தடயம் எஞ்சியிருக்கின்றது. 1892இல் கனடாவின் ஹலிஃபக்ஸில் பிறந்த ஹால் ஃபொஸ்டர், 1929 ஜனவரி 7ஆம் திகதி தொடங்கிய 'டார்சன்' நாளிதழ்த் தொடரை வரைந்தவர். 1937இல் 'பிரின்ஸ் வேலியன்ட்' என்னும் ஞாயிறுத் தொடரைத் தாமே எழுதி வரையத் தொடங்கினார். வாரம் ஒரு பக்கத்துக்கு 50 மணித்தியாலத்துக்கு மேல் உழைத்தவர் என்பர். 1971இல் ஓவியப் பொறுப்பை ஜோன் கலன் மர்பியிடம் ஒப்படைத்தார். 1982இல் அவர் காலமானார், தொடர் நிற்கவில்லை. அவருடைய ஆவணங்களும் மூல ஓவியங்களும் அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பேணப்படுகின்றன. இன்னொருவர் 'பிளாஷ் கோர்டன்' வரைந்த அலெக்ஸ் ரேமண்ட். 1946இல் அவர் தொடங்கிய துப்பறியும் தொடரின் நாயகன் ரிப் கிர்பி, சிவகாசிச் சித்திரக்கதை வெளியீடுகள் வாயிலாகத் தமிழ்ச் சிறுவருக்கும் அறிமுகமானவன். 1956இல் ரேமண்ட் வாகன விபத்தில் மாண்டபின் ஜோன் பிரென்டிஸ் அத்தொடரை 1999 வரை வரைந்தார்.

நமது நாட்டிலும் இம்மரபு உண்டு. 1951இல் 'லங்காதீப' சிங்கள நாளிதழில் ஜி. எஸ். பெர்னாண்டோ வரைந்த 'நீலா' இலங்கைப் பத்திரிகைச் சித்திரக்கதைகளின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. தமிழில் 'சுந்தர்' என்ற சிவஞானசுந்தரம் 'தினகரன்' பத்திரிகையில் சவாரித் தம்பரை உலவவிட்டார். பின்னர் 'சிரித்திரன்' இதழை நடத்தினார். அவரது துறை சாகசமன்று, நகைச்சுவை. ஆயினும், பத்திரிகைக் கோட்டோவியத்தால் ஒரு சமூகத்தின் பேச்சையும் நடையையும் பதிந்து வைக்க முடியும் என்பதை அவர் காட்டினார்.

ஓவியரின் பெயர் நிலைப்பதற்கு என்ன வேண்டும்? ஹரீரியின் 'மகாமாத்' நூலை 1237இல் பிரதிசெய்து, அதற்குச் சித்திரமும் தீட்டியவர் யஹ்யா அல்வாசிதி. அதில் அவர் வரைந்த கப்பல், அக்காலத்து அரபு மரக்கலம் எப்படி இருந்தது என்பதற்கு இன்றும் சான்று. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவர் பெயரை நாம் அறிவதற்குக் காரணங்கள் இரண்டு. நூலின் இறுதியில் அவர் தம் பெயரை எழுதிவைத்தார். அப்பிரதியைப் பாரிஸ் தேசிய நூலகம் காத்து வருகின்றது. நெய்தவர் பெயர் மருதமுனைப் புடவையில் இருப்பதில்லை; தினசரிச் சித்திரத்தின் நிலையும் பெரும்பாலும் அதுவே.

காப்பது என்றால் என்னவென்பதை நாம் இழப்பின் மூலமே கற்றவர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மனிதரைத் தேடிய அந்நாட்களில் தாள்களை யாரும் தேடவில்லை; தேடியிருக்கவும் முடியாது. ஆனால், எஞ்சியவற்றையும் இன்று கறையான் தின்கின்றது.

செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. சித்திரத் தொடர் வெளியிடும் ஒவ்வொரு பத்திரிகையும் நாள்தோறும் ஓவியர் பெயரை அச்சிடலாம். மூல ஓவியத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்கலாம். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், இக்கரையோர வீடுகளில் எஞ்சியுள்ள பழைய பத்திரிகைகளையும் சித்திரக்கதைப் புத்தகங்களையும் திரட்டிப் பிரதிசெய்து வைக்கலாம். நமது ஊர்களில் சுவரிலும் விளம்பரப் பலகையிலும் வரைந்து பிழைக்கும் இளைஞர்களுக்கு, தம் தொழிலுக்கு ஒரு வரலாறு உண்டென்பது அப்போதுதான் தெரியவரும்.

லைலா மீண்டும் முழு உருவம் பெறுவாளா என்று தலைமுறை தலைமுறையாக வாசகர் காத்திருந்தார்கள். அவளை வரைந்தவர்களின் பெயர்களுக்கு முழு உருவம் கொடுப்பது நமது கையில் இருக்கின்றது. அதற்கு மந்திரம் தேவையில்லை.